சதுரங்கக் காய்களின் கதை

வெள்ளவத்தையிலே காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில் எம் பெரியப்பா குடியிருந்தார். அவர் அரசாங்க எழுதுவினைஞர்; பெருஞ் செல்வர் அல்லர். ஆயினும் அவர் வீட்டு விறாந்தையிலே கண்டாரைக் கவரும் பொருள் ஒன்று இருந்தது. அது ஒரு சதுரங்கப் பெட்டி. கருங்காலியிற் கடைந்த பதினாறு காய்களும், முதிரையிற் கடைந்த பதினாறு காய்களும் அதனுள்ளே பச்சைத் துணி விரித்த அறைகளில் அடுக்கப்பட்டிருந்தன. யாழ்ப்பாணத்துத் தச்சர் ஒருவர் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தவை அவை. முதிரைக் காலாள் ஒன்று எப்பொழுதோ தொலைந்துபோக, அதன் இடத்தில் தையல் நூற்கட்டை ஒன்று நின்று போர் புரிந்தது.

மாலையானதும் பெரியப்பா பலகையை விரிப்பார். அயலிலிருந்த இளைப்பாறிய சிங்கள ஆசிரியர் ஒருவர் வருவார்; எதிர்வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள்; கோயிலுக்குப் போகப் புறப்பட்டவர்களும் ஒரு கணம் நின்று பார்ப்பார்கள். நாம் ஆசையினாற் குதிரையைத் தொட்டுவிட்டால், “தம்பி, காயைத் தொட்டால் நகர்த்த வேணும். விளையாட வந்தனியோ, தடவ வந்தனியோ?” என்று சிரிப்பார். உண்மையைச் சொன்னால், அக்காலத்தில் நாம் தடவவே போனோம்.

சதுரங்கம் ஆட வேண்டுவது யாது? அறுபத்துநான்கு கட்டங்கள், வேறுபாடு அறியத்தக்க முப்பத்திரண்டு அடையாளங்கள். இவை கடதாசியிற் கீறியனவாயினும் ஆட்டம் குறைவதில்லை. அப்படியிருக்க, அரசரும் வணிகரும் எழுதுவினைஞரும் அழகிய காய்களைத் தேடித் தமதாக்கிக் கொள்ள ஆசைப்பட்டது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, காய்களின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

நால்வகைப் படை

காய் வைத்து ஆடும் ஆட்டங்கள் தமிழருக்குப் புதியன அல்ல. வல்லு என்னும் ஆட்டத்தைச் சங்க நூல்கள் கூறுகின்றன. முதியோர் பொது அம்பலத்திலே வல்லாடிய செய்தி புறநானூற்றில் உண்டு. ஆனால் வல்லு வேறு, சதுரங்கம் வேறு. சதுரங்கம் என்ற சொல்லே நான்கு உறுப்புக்களையுடைய சேனை என்று பொருள்படும். யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையிலே அடக்கிய ஆட்டம் இது. கி. பி. ஆறாம் நூற்றாண்டளவில் இது வட இந்தியாவில் உருப்பெற்றது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாணகவி தமது ஹர்ஷசரிதத்திலே, அம்மன்னனின் ஆட்சியில் சதுரங்க சேனையின் அணிவகுப்பை எட்டெட்டுக் கட்டப் பலகையிலேதான் காணலாம் என்று நயம்படக் கூறுகின்றார். நாட்டிலே போர் இல்லை, பலகையிலேதான் போர் என்பது கருத்து.

தமிழ்நாட்டிலே இவ்வாட்டம் இறைவன் திருநாமத்தோடேயே சேர்ந்துவிட்டது. மன்னார்குடிக்கு அணித்தாயுள்ள திருப்பூவனூர் அப்பர் சுவாமிகளின் தேவாரம் பெற்ற தலம். அங்கு எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்பது திருநாமம். சதுரங்கத்தில் ஒருவராலும் வெல்லப்படாத இராஜராஜேஸ்வரி என்னும் அரசகுமாரியை வெல்பவனுக்கே மணஞ் செய்து கொடுப்பதென அரசன் உறுதி பூண்டிருந்தான் என்றும், இறைவன் முதியவர் வடிவிலே வந்து ஆடி வென்று அவளை மணந்தருளினார் என்றும் தலபுராணம் கூறும். இக்கதையிலே ஒன்று கவனிக்கத்தக்கது. இறைவன் படையோடு வரவில்லை. பலகைக்கு முன்னே வந்து அமர்ந்தார். சதுரங்கப் பலகை ஒருவர் தனித்து இருக்கும் இடமன்று. எதிரே ஒருவரை வேண்டி நிற்கும் இடம்.

பண்டைய இந்தியப் பலகைகள் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் உடையன அல்ல. ஒரே நிறத் துணியிலோ பலகையிலோ கோடுகள் மட்டும் இருக்கும். துணிப் பலகையைச் சுருட்டி எடுத்துச் செல்லலாம். காய்களும் பெரும்பாலும் எளியனவாய், மரத்திற் கடைந்து அரக்குப் பூசியனவாய் இருந்தன. அரண்மனைகளிலே நிலைமை வேறு. மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) குதிரை ஒரு கட்டத்தையும் இருமுறை மிதியாது அறுபத்துநான்கு கட்டங்களையும் சுற்றிவரும் புதிர்களிலே பெரும் ஈடுபாடு உடையவராய், அவற்றுக்கு விடைகள் அமைத்துப் பேணிவைத்தார். அவருக்கு அழகு காயில் மட்டுமன்று, குதிரை சென்ற வழியிலும் இருந்தது போலும்.

யானை பாதிரியான விதம்

இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் இவ்வாட்டம் சென்றது. உருவங்களைச் செதுக்குவதினும் உருவத்தின் குறிப்பை மட்டும் காட்டுவதே இஸ்லாமியக் கைவினைஞர் பெரிதும் கையாண்ட முறை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஈரானிற் செய்யப்பட்ட ஒரு தொகுதி இன்று நியூயோர்க் மெற்றொபொலிற்றன் நூதனசாலையில் உள்ளது. மினுக்கிட்ட நீலமும் ஊதாவுமான சுடுமண் காய்கள் அவை. அரசன் ஒரு சிங்காசனம். யானை இரு கொம்புகளின் குறிப்பு. குதிரை ஒரு முக்கோண முகப்பு. கண்ணும் காதும் செதுக்காமலே எதனை எது என்று அறிவிக்கும் திறமை அங்கே காணப்படுகின்றது. ஒரே ஒரு காலாள் மாத்திரம் அத்தொகுதியில் இல்லை என்று படித்தபோது, பெரியப்பாவின் நூற்கட்டை நினைவுக்கு வந்தது.

அந்த இரு கொம்புகளின் கதை சுவையானது. யானையை அரபியர் ‘பீல்’ என்றனர். ஐரோப்பியர் இக்காயைப் பெற்றபோது, அதன் தலையிலிருந்த பிளவு யானைக் கொம்பென்று பலருக்கும் விளங்கவில்லை. ஆங்கிலேயர் அதனைக் கிறித்தவ மேற்றிராணியாரின் பிளந்த முடியாகக் கண்டு, அப்பெயரையே வைத்தனர். ஸ்பானியர் இன்றும் அதனை ‘அல்பீல்’ என்றே அழைக்கின்றனர். ருஷ்யரோ யானை என்றே சொல்கின்றனர். அரசனுக்கு அருகில் நின்ற மந்திரி ஐரோப்பாவிலே அரசியாகி, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலே பலகை முழுவதும் ஓடும் வலிமை பெற்றாள். ஆகவே ஒரு காயின் உருவத்தை உற்று நோக்குவோர் ஒரு நாட்டின் மனத்தையே நோக்குகின்றனர் எனலாம்.

இதற்குச் சிறந்த சான்று லூயிஸ் காய்கள். ஸ்கொத்லாந்தைச் சார்ந்த லூயிஸ் தீவிலே 1831-இல் இவை கண்டெடுக்கப்பட்டன. வால்ரஸ் என்னும் கடல்விலங்கின் கொம்பிலே பன்னிரண்டாம் நூற்றாண்டிற் செதுக்கப்பட்டவை. நோர்வே நாட்டிற் செய்யப்பட்டிருக்கலாம் என்பர். கிடைத்த 93 பொருள்களில் 82 இலண்டன் பிரிட்டிஷ் நூதனசாலையிலும், 11 எடின்பரோவிலும் உள்ளன. அரசி கன்னத்திற் கை வைத்துக் கவலையோடு இருக்கின்றாள். காவல்வீரருட் சிலர் போர்வெறியிலே தம் கேடயத்தையே கடிக்கின்றனர். எண்ணூறு ஆண்டுகளின் பின்னும் அம்முகங்கள் நம்மோடு பேசுகின்றன. அத்தொகுதியைச் சேர்ந்த வேறொரு காவல்வீரனை எடின்பரோவின் பழம்பொருள் வணிகர் ஒருவர் 1964-இல் ஐந்து பவுணுக்கு வாங்கினார். அதன் பெருமை அறியாமலே அக்குடும்பத்தார் அதனை லாச்சியில் வைத்திருந்தனர். 2019-இல் அது 735,000 பவுணுக்கு விலைபோயிற்று. அறியாமல் வைத்திருந்தும் எறியாமல் வைத்திருந்தனர் அல்லரோ! அழகின் ஆற்றல் அது.

தந்தமும் கும்பினியும்

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்தியாவிலே தந்தக் காய்கள் மிகுதியாகச் செய்யப்பட்டன. வங்காளத்து மூர்ஷிதாபாத், பெர்ஹாம்பூர் முதலிய இடங்களிலே ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கும்பினியின் சிப்பாய்களும், எதிர்ப்பக்கம் இந்திய அரசர் படையும் நிற்குமாறு காய்கள் செதுக்கப்பட்டன. அரசரும் மந்திரியும் அம்பாரி யானைமேல் இருப்பர். விசாகப்பட்டினத்துக் கைவினைஞர் தந்தமிழைத்த பெட்டிகளுக்கும் ஆட்டப் பலகைகளுக்கும் பெயர்போனவர்கள்.

இவற்றின் வேலைப்பாட்டை வியவாதார் இலர். ஆயினும் இவற்றை வாங்கியோர் பெரும்பாலும் ஆங்கில உத்தியோகத்தர். வாங்கியது ஊருக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பேழையில் வைப்பதற்கு. துதிக்கையும் வேலும் நீட்டிக்கொண்டு நிற்கும் இக்காய்களை வைத்து விரைந்து ஆடுதல் எளிதன்று, கைபட்டால் முறியும். அக்காலத்தில் இந்நாட்டிலே மெய்யாகச் சதுரங்கம் ஆடியோர் கையிலிருந்தவை எளிய மரக்காய்களே. அவை தேய்ந்து, தொலைந்து, அடுப்பிலும் போயிருக்கும். ஆடப்படாதவை நூதனசாலை சேர்ந்தன, ஆடப்பட்டவை அழிந்தன. ஆகவே நூதனசாலையை மாத்திரம் பார்த்து நம் முன்னோர் தந்தக் காய்களால் ஆடினர் என்று எண்ணுவது பிழையாகும்.

மேலும், தந்தத்தின் வெண்மைக்குப் பின்னே குருதி உண்டு. தந்தத்துக்காகவே எண்ணிறந்த யானைகள் கொல்லப்பட்டன. இலங்கையிலே 1937-ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் யானைக்குக் காவலாயிற்று. 1975-இல் ஆசிய யானையும், 1989-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி ஆபிரிக்க யானையும் சர்வதேச வாணிகத் தடைக்குள் வந்தன. இந்தியாவிலே 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் 1986-இலும் 1991-இலும் திருத்தப்பெற்று, தந்த வாணிகத்தை முற்றாக நிறுத்தியது. விநாயகப் பெருமானை வணங்கி ஒரு கருமத்தைத் தொடங்கும் நாம், யானையைக் கொன்று செய்த யானைக் காயை விரும்புதல் பொருந்துமா? பழையன நூதனசாலையில் இருக்கட்டும். புதியன வேண்டா.

கருங்காலியின் பெருமை

1849-ஆம் ஆண்டு இலண்டனிலே ஜாக்ஸ் என்னும் கம்பனியார் ஒரு புதிய காய்த் தொகுதியை வெளியிட்டனர். அவ்வடிவத்தைப் பதிவு செய்தவர் நதானியேல் குக் என்பவர். அதற்குப் பெயர் தந்தவரோ அக்காலத்துப் பெரும் ஆட்டக்காரரான ஹோவார்ட் ஸ்டான்டன். அதற்கு முன்னர் ஊருக்கு ஒரு வடிவம் இருந்தது. அயல்நாட்டான் காயைக் கண்டு அரசி எது, மேற்றிராணி எது என்று மயங்குவதும் உண்டு. ஸ்டான்டன் காய்களிலே அம்மயக்கம் தீர்ந்தது. அடி அகலமாகையால் எளிதிற் சாயா. தலையைக் கண்டவுடன் காய் தெரியும். இன்றும் உலகப் போட்டிகளில் இவ்வடிவமே வழங்குகின்றது. அரசனின் உயரம் ஏறக்குறைய 9.5 சென்ரிமீற்றர், அரசி 8.5, காலாள் 5 என்று உலகச் சதுரங்கச் சம்மேளனம் அளவு கூறும். இத்தொகுதியில் அலங்காரம் அனைத்தும் நீக்கப்பட்டு, குதிரை மட்டுமே சிற்பியின் உளிக்கு விடப்பட்டது. ஏனையவற்றைக் கடைச்சல் இயந்திரம் செய்யும்; குதிரையைக் கைதான் செய்ய வேண்டும். ஆதலால் ஒரு தொகுதியின் தரத்தை அறிய விரும்புவோர் முதலிலே குதிரையின் முகத்தைப் பார்ப்பர். இன்று உலகெங்கும் விற்கப்படும் மரக்காய்களிற் பெரும்பங்கு பஞ்சாபிலுள்ள அமிர்தசரசிலே செய்யப்படுகின்றது. முன்னர் தந்தம் செதுக்கிய நகரம் அது. தந்தம் நின்றபின் மரமே அவர்களுக்கு வாழ்வாயிற்று.

முதல் ஸ்டான்டன் தொகுதிகளிலே கறுப்புக் காய்கள் கருங்காலியாற் செய்யப்பட்டன. கருங்காலிகளுள்ளே நம் இலங்கைக் கருங்காலி மிக மேலானது என்பது உலகறிந்த செய்தி. நம் உலர்வலயக் காடுகளிலே மிக மெதுவாக வளரும் மரம் இது. வெளிமரம் வெளிறியிருக்க, உள்ளே வைரம் மட்டும் கோடில்லாத கருமையாக இருக்கும். நீரிலே மிதவாது அமிழும். ஒல்லாந்தர் காலத்திலும், பின்னர் காலியிலும் இதிலே கதிரை, மேசை, பெட்டிகள் செய்து கடல்கடந்தும் அனுப்பினர். அதன் விளைவு, காடு மெலிந்தது. இன்று கருங்காலி மரத்தை ஏற்றுமதி செய்தல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. யானைக்கு நேர்ந்ததே மரத்துக்கும் நேர்ந்தது. ஆகவே பழைய கருங்காலிக் காய் ஒன்று எவர் வீட்டிலாவது இருக்குமானால், அது நம் காட்டின் ஒரு துண்டு என்று அறிந்து போற்றுக. புதிதாக வாங்குவோர் நட்டு வளர்க்கும் மரத்தாலான காய்களை நாடுக. அழகுக்கு அவையும் குறைந்தவை அல்ல.

குமாரசுவாமி காட்டிய வழி

அழகிய பொருளை உடைமையாக்கும் ஆசை குற்றமா, குணமா? இதுபற்றி ஆழ்ந்து சிந்தித்த ஒருவர் நம் கொழும்பிலேயே பிறந்தவர். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1877-இல் சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வராகத் தோன்றினார். 1908-இல் வெளிவந்த அவரது மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூல், தந்தம் செதுக்குவோர், தச்சர், பொற்கொல்லர், பாய் நெய்வோர் ஆகியோரின் தொழிலைப் போற்றி எழுதப்பட்டது. பின்னர் அமெரிக்காவிலே பொஸ்ரன் நூதனசாலையிற் பணியாற்றி, 1947-இல் மறைந்தார்.

நூதனசாலையிலே வாழ்நாளைச் செலவிட்ட அவரே, நூதனசாலையிலுள்ள பொருள்கள் எவையும் நூதனசாலைக்கென்று செய்யப்பட்டவை அல்ல என்பதை ஓயாது வற்புறுத்தினார். கிண்ணம் பருகுதற்கு, விக்கிரகம் வழிபடுதற்கு, சீலை உடுத்தற்கு. பயனும் அழகும் முன்னோருக்கு இரண்டாக இருந்ததில்லை. தன் தொழிலை நன்கு செய்யும் பொருளே அழகிய பொருள் என்பது அவர் கொள்கை. இவ்வுரைகல்லிலே சதுரங்கக் காய்களை உரைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். கைக்கு இசைந்து, கண்ணுக்குத் தெளிவாய், பலகையில் உறுதியாய் நிற்கும் மரக்குதிரை, பேழையிற் பூட்டிய தந்தக் குதிரையினும் ஒருபடி மேலானது.

பயன் மட்டும் போதுமே, அழகு எதற்கு என்பார்க்கு விடை யாது? சத்தியஜித் ரே 1977-இல் எடுத்த சதுரங்க ஆட்டக்காரர் பற்றிய திரைப்படத்திலே ஒரு காட்சி உண்டு. ஆட்டத்திலேயே மூழ்கிக் கிடக்கும் கணவன்மீது சினந்த மனைவி காய்களை ஒளித்துவிடுகின்றாள். நண்பர் இருவரும் சற்றும் தளராது சமையற் பொருள்களைக் காய்களாக வைத்து ஆட்டத்தைத் தொடர்கின்றனர். ஆட்டத்துக்கு அழகு வேண்டியதில்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று இல்லை என்று தோன்றும்.

எம் பெரியப்பாவின் அனுபவம் வேறு. 1983 ஆடி மாதத்திலே வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளுள் அவர் வீடும் ஒன்று. பலகையும் பெட்டியும் நூற்கட்டைக் காலாளும் சாம்பலாயின. உயிரோடு யாழ்ப்பாணம் சேர்ந்தவர், காகித மட்டையிலே கரியாற் கட்டம் கீறி, சோடா மூடிகளைக் காய்களாக வைத்து எமக்கு ஆடக் காட்டித் தந்தார். மூடிகளின் மேலே அரசன், மந்திரி என்று எழுதியிருந்தார். அவர் ஆட்டத்திலே ஒரு குறையும் இல்லை. எம்மை எப்பொழுதும் போலத் தோற்கடித்தார். ஆயினும் ஒருநாள் விறாந்தையிலே மட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஆட்டம் போகேல்லைத் தம்பி. ஆனால் ஆரும் வந்து எட்டிப் பாக்கினமில்லை.”

அவர் இழந்து வருந்தியது மரத்தையன்று. ஆடத் தெரிந்தவன் சோடா மூடியிலும் அரசனைக் காண்பான். ஆடத் தெரியாதவனை வாசலிலே நிறுத்தி உள்ளே அழைப்பதற்கோ அழகு வேண்டும். தமிழரும் சிங்களவரும், பெரியோரும் சிறியோரும் அந்த விறாந்தைக்கு வந்தது முதலிலே காய்களைப் பார்க்கத்தான். பின்னரே ஆட்டம், அதன் பின்னரே உறவு. கோயிற் கோபுரம் செய்யும் தொழிலும் இதுவே அன்றோ! மூலத்தானத்துக்குக் கோபுரம் வேண்டியதில்லை, வழிப்போக்கனுக்கு வேண்டும்.

இளைஞருக்கு ஒரு சொல்

இன்று சதுரங்கம் தமிழருக்குப் புத்துயிர் பெற்ற கலை. 1961-இல் மனுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்ரரானார். 1988-இல் விசுவநாதன் ஆனந்த் அந்நாட்டின் முதல் கிராண்ட் மாஸ்ரரானார். பின்னர் உலகையும் வென்றார். 2022-இல் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்திலே நடைபெற்றபோது, வேட்டி கட்டிய குதிரை ஒன்று ‘தம்பி’ என்ற பெயரோடு உலகத்தாரை வரவேற்றது. 2024 மார்கழி 12-ஆந் திகதி சிங்கப்பூரிலே பதினெட்டு வயதுக் குகேஷ் உலக வீரரானார். வென்ற கணத்திலே அப்பிள்ளை செய்தது யாது? கண்ணீர் பெருக, பலகையிலிருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து மீண்டும் முதலிடங்களில் அடுக்கினார். கருவியைப் போற்றுதல் நம் மரபு. ஆயுத பூசை செய்யும் நாம் இதனை எளிதில் உணர்வோம்.

இந்நாளில் நம் வாலிபர் பலர் கைத்தொலைபேசியிலேயே ஆடுகின்றனர். அதனாற் பயன் மிகுதி. உலகின் எம்மூலையிலுள்ளாரோடும் ஆடலாம். ஆயினும் எதிரே இருப்பவன் முகத்தை அதிலே காண முடியாது. ஆகவே வசதியுள்ள ஒவ்வொரு வீட்டிலும், நம் சங்கங்களின் வாசிகசாலைகளிலும், நல்ல மரக்காய்த் தொகுதி ஒன்று இருத்தல் நன்று. வாங்கும்போது விலையைப் பாராது மூன்றைப் பாருங்கள்: காய் கையிலே கனமாய் இருக்கின்றதா, அரசியும் மேற்றிராணியும் தூரத்திலிருந்தே வேறாகத் தெரிகின்றனவா, குதிரையின் முகத்தில் உயிர் இருக்கின்றதா? இம்மூன்றும் இருந்தால் அது வாழ்நாள் முழுதும் உதவும்.

வாங்கியபின் பூட்டி வையாதீர்கள். விறாந்தையிலே, வருவோர் கண்ணிற் படும்படி விரித்து வையுங்கள். ஒரு காலாள் தொலைந்துபோகலாம். அதற்கும் வருந்த வேண்டாம். வீட்டிலே நூற்கட்டை இருக்கும்.